சிரிக்க வேண்டாம், கந்தவேலு அண்ணே

நாங்கள் குடியிருப்பது மஸ்கட்டில். சன்னலைத் திறந்தால் மொட்டைப் பாறை, மூடினால் ஏசி. மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுகிற ஊர் அது. அங்கே பல வருஷம் காய்ந்து கிடந்துவிட்டு, வறட்சியைப் படம் எடுப்பதற்காக விமானம் ஏறி அருப்புக்கோட்டைக்கு வந்த கூட்டம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

கூட்டம் என்றால் என் கணவர் ரவி, அவருடைய புகைப்பட வட்டத்து நண்பர்கள் பாஸ்கர், மாணிக்கம். நான் கும்பகோணத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கேமராவைத் தொட்டதில்லை. பைகளுக்குக் காவல் இருக்க ஓர் ஆள் தேவைப்பட்டதால் என்னையும் அழைத்துப் போனார்கள்.

இந்த மூவருக்கும் ஆளுக்கொரு அபிமானப் புகைப்படக்காரர் உண்டு. பாஸ்கரின் ஆள் ஏதோ குளிர்நாட்டுக்காரர். மழைத்தண்ணீர் தேங்கிய குட்டைகளில் தலைகீழாகத் தெரியும் உலகத்தை மட்டும் எடுப்பாராம். அதனால் பாஸ்கரும் குட்டையைத் தவிர வேறு எதையும் எடுப்பதில்லை. மாணிக்கத்தின் ஆள் மனிதர்களின் முதுகை மட்டும் எடுத்தவர். முகம் பொய் சொல்லும், முதுகு சொல்லாது என்பது மாணிக்கத்தின் கொள்கை. பரீட்சையில் இப்படி ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதினால் நான் பேப்பரைப் பிடுங்கிவிடுவேன். இவர்கள் பாஷையில் அதற்குத் தாக்கம் என்று பெயர்.

என் கணவரின் தெய்வம் சென்னையில் இருக்கிற ஒரு பெரியவர். வட்டத்தில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, ஆசான் என்றுதான் சொல்வார்கள். ஆசானின் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒரே ஒரு முகம், பின்னால் இருட்டு, வெற்றுத் தோள், கன்னம் நிறையச் சுருக்கம். முக்கியமாகச் சிரிப்பு கிடையாது. அவருடைய புத்தகம் எங்கள் வீட்டில் சாமி அலமாரிக்குப் பக்கத்துத் தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. பிள்ளைகள் கை கழுவாமல் சாமியைத் தொடலாம், அந்தப் புத்தகத்தைத் தொட முடியாது. ஆசான் தாடி வைத்திருக்கிறார் என்று இவரும் வைத்தார். ஆசான் உடம்பெல்லாம் பை வைத்த மேல்சட்டை போடுகிறார் என்று இவரும் வாங்கினார். அத்தனை பையும் காலி. ஒன்றில் மட்டும் என் இருமல் மிட்டாய் இருக்கும்.

போன வருஷம் இந்தப் பக்கம் வந்தபோது எம்.ரெட்டியபட்டியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கந்தவேலு என்பவரை இவர் படம் எடுத்தார். அது வட்டத்தின் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. போட்டியிட்டவர்களும் நடுவர்களும் ஒரே ஆட்கள்தான், அது வேறு விஷயம். அந்த உற்சாகத்தில் அருப்புக்கோட்டையிலேயே ஒரு மண்டபம் பிடித்துக் கண்காட்சி வைப்பது, ஆசானையே அழைத்துவந்து திறப்பது என்று திட்டம் வளர்ந்தது. ஆவணி மாதத்து வெயிலில் நாங்கள் வந்து இறங்கினோம்.

மதுரையிலிருந்து வந்த பஸ்ஸில் பாஸ்கருடைய கேமரா ஸ்டாண்டைக் கம்பி என்று நினைத்து ஓர் அம்மா அதில் காய்கறிப் பையை மாட்டினார். ஒரு பெரியவர் என் தோளில் சாய்ந்து சுகமாகத் தூங்கினார். மஸ்கட்டில் தோளோடு தோள் உரசினால் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே பக்கத்துத் தோள் என்பது டிக்கெட்டோடு வருகிற தலையணை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எண்ணெய்ப் புரோட்டா சாப்பிட்டோம். சட்டியில் முழுகி எழுந்து மொறுமொறுவென்று வந்தது. நான் சால்னாவை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது ரவி தன் புரோட்டாவைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டிருந்தார். படத்தில் அது இடிந்து விழுந்த சுவர்க் காரை மாதிரி இருந்தது. அதற்குள் நிஜப் புரோட்டா ஆறிப்போனது.

"வாங்க சார், வாங்க தங்கச்சி!"

கந்தவேலு அண்ணன். மஞ்சள் சட்டை, கருகருவென்று மை அடித்த தலை, அதே மையில் மீசை. பேச்சு வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிடுகிற ஆள். மஸ்கட்டில் நாம் ரோட்டில் காலை வைத்தால் கார் நிற்கும். கந்தவேலு அண்ணன், நாம் எங்கேயும் போவதாக இல்லாவிட்டாலும் நிற்பார்.

"போன வருசம் என்னைய எடுத்தீகளே, அந்தப் படம் நல்லா வந்துச்சா?"

"பிரமாதம்ணே. சனிக்கிழமை ஊரே பார்க்கப்போகுது," என்றார் ரவி.

"மூஞ்சியக் கழுவிட்டு வாரேன்னேன், விடமாட்டேன்ட்டீக. சட்டையக் கழட்டுன்னுட்டீக. மை அடிக்காத நேரம் வேற. சிரிச்சா, சிரிக்காதேன்னுட்டீக. சீக்காளி மாதிரியில்ல இருந்திருப்பேன்?"

"அதுதான்ணே அழகு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் புரோட்டாவைப் பார்த்தேன்.

ஆட்டோவில் ஏறியதும் சொன்னார். வெள்ளிக்கிழமை மகள் செல்விக்கு உறுதி பண்ணுகிறார்கள், நிச்சயதார்த்தம். ஒரே மகள். அருப்புக்கோட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மாப்பிள்ளை பாலவனத்தம். "ரெண்டு எடம் வந்து தட்டிப் போச்சு தங்கச்சி. ஒருத்தர் சாதகங்கிறாரு, ஒருத்தர் சகுனங்கிறாரு. இதாச்சும் அமையணும்." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் கலைஞர்கள் கண்மாய்க்குப் போக வேண்டும் என்றார்கள்.

"கண்மாய்ல என்ன இருக்கு?"

"வறட்சி," என்றார் பாஸ்கர்.

"அது எங்க வீட்டு வாசல்லயே இருக்கே!"

கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டிக்கிடந்தது. நடுவில் வெட்டவெளியாக இருந்த இடத்தில் கிரிக்கெட் நடந்தது. இவர்கள் கனவு கண்ட, பாளம் பாளமாக வெடித்த தரை, தேடித் தேடிக் கடைசியில் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்குத்தான் கிடைத்தது. மூன்று பேரும் அதன் முன்னால் வரிசையாகக் குப்புறப் படுத்தார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா நின்று பார்த்தார்.

"என்னத்தத் தொலைச்சீக?"

"ஒண்ணும் தொலைக்கல ஆத்தா," என்றார் கந்தவேலு அண்ணன். "இவுகளுக்கு வெடிச்ச தரைன்னா உசுரு."

"அப்ப எங் காலையும் எடுத்துக்கச் சொல்லு. அதுவும் வெடிச்சுத்தான் கெடக்கு."

அவர் நகர்ந்ததும் மாணிக்கம் பின்னாலேயே போனார். பத்தடி போயிருக்க மாட்டார், அந்த அம்மா திரும்பி ஆடு விரட்டுகிற கம்பை ஓங்கிவிட்டார். முதுகு பொய் சொல்லாதுதான், ஆனால் அதற்குத் திரும்பத் தெரியும் என்பதை மாணிக்கத்தின் குரு சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

பாஸ்கரின் பாடு இன்னும் மோசம். இந்தச் சீமையில் குட்டைக்கு எங்கே போவது? ஊருக்குள் வந்ததும் கோவில் முன்னால் இருந்த பள்ளத்தில் இரண்டு பெரிய பாட்டில் தண்ணீரைக் கொட்டிக் கோபுரத்தைத் தலைகீழாகப் பிடிக்கப் பார்த்தார். தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்ற ஒரு பெண் பாய்ந்து வந்தார். "குடிக்கிற தண்ணிய ரோட்டுல ஊத்துறீகளே, வயிறு எரியலயா ஒங்களுக்கு?" அவர் திட்டி முடிப்பதற்குள் கரிசல் மண் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டது. கோபுரம் நிமிர்ந்தபடியே நின்றது.

சாயங்காலம் கண்காட்சிக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க ரவி ஒரு கடைக்குள் போனார். நான் எதிர்க்கடையில் கருப்பட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்த பேச்சு எனக்கு மறுநாள்தான் தெரியவந்தது. அதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

"ஒத்த ஆளு மட்டுந்தானா சார்?" என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர்.

"ஒரே முகம்தான்."

"கலரு வேணாமா?"

"வேண்டவே வேண்டாம்."

"மேல எதாச்சும் எழுதணுமா?"

"பேரு, ஊரு, சனிக்கிழமைத் தேதி, மண்டபம். அவ்வளவு போதும். வெறுமைதான் பேசணும்."

"ஓரத்துல ஒரு வெளக்கு வைக்கவா சார்?"

"எதுவும் வேண்டாம்."

கடைக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உச்சுக்கொட்டியிருக்கிறார். வீட்டுக்குள்ளிருந்து தெலுங்கில் சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவுக்குக்கூடப் பதில் சொல்லவில்லையாம். "இவரு ஆட்டோலதான் சார் நான் காலேசுக்குப் போனேன். தங்கமான மனுசன். நீங்க அலைய வேணாம், காலையில நானே நல்ல எடமாப் பாத்துக் கட்டிர்றேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். ரவி வெளியே வந்தபோது முகமெல்லாம் பூரிப்பு. "ஒரு சாதாரண மனுஷன் என் படத்தைப் பார்த்து அழுதுட்டான் வசந்தி," என்றார். நான் அவருக்கு ஒரு மிட்டாய் கொடுத்தேன்.

வியாழக்கிழமை விடியற்காலையிலேயே கந்தவேலு அண்ணனின் ஆட்டோவில் திருச்சுழிக்குப் புறப்பட்டோம். அவர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து வந்துவிட்டார். திருச்சுழியில் இட்லி பஞ்சு மாதிரி இருந்தது. கோவில் பிரகாரத்தில் மாணிக்கத்துக்கு நிறைய முதுகுகள் கிடைத்தன, சாமி கும்பிடுகிறவர்கள் திரும்ப மாட்டார்கள் என்பதால்.

திரும்பும் வழியில் கிளட்ச் வயர் அறுந்தது. இரண்டு பக்கமும் உழுது போட்ட கறுப்பு மண், கண்ணுக்கு எட்டின வரைக்கும் நிழல் இல்லை. மஸ்கட்டில் வண்டி நின்றால் போன் செய்துவிட்டு ஏசியில் உட்கார்ந்திருப்போம். இங்கே அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஊர்க்கதை சொன்னார். அப்போது ஒரு டவுன் பஸ் கடந்து போனது. வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து நின்ற அண்ணனைப் பார்த்து, சன்னலோரம் இருந்த ஓர் ஆள் கும்பிட்டார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார். அண்ணன் சிரித்தபடி கையை ஆட்டினார். "நம்ம ஊர்க்காரந்தான். பாசக்காரப் பய," என்றார்.

கடைசியில் ஒரு லோடு வண்டியின் பின்னால் கயிற்றைக் கட்டி, அது இழுக்க ஊர் வந்து சேர்ந்தோம். அவர் வீட்டு வாசலில் பந்தல். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். தெரு கொள்ளாத கூட்டம்.

"உறுதி நாளைக்குத்தான? அதுக்குள்ள என்ன இம்புட்டுச் சனம்?" என்றார் அண்ணன்.

அப்போதுதான் அழுகைச் சத்தம் கேட்டது. அவர் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடினார். "ஏலே, யாருக்குலே என்னாச்சு? ராசாத்தி எங்கலே? எம் மக எங்க?" மனைவிக்கோ மகளுக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். அந்த ஒரு நிமிஷம் அவர் முகம் என் கணவர் எடுத்த படம் மாதிரியே இருந்தது.

கூட்டம் பிளந்தது. கையில் ரோஜா மாலையோடு நின்றவர் அதை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் விழித்தார். ஒப்பாரி பாதியில் நின்றது. ராசாத்தி அக்கா எழுந்து வந்து புருஷன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தார், அடித்துவிட்டு முன்பைவிடச் சத்தமாக அழுதார். செல்வி நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். அழவில்லை. அப்படியே சரிந்து உட்கார்ந்து, பக்கத்தில் வந்த அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்தவள் வெகுநேரம் விடவே இல்லை.

"பஸ் ஸ்டாண்டுல ஒனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனரு வச்சிருக்காகண்ணே," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "கறுப்பு வெள்ளையில பெரிசா ஒம் மூஞ்சி. கீழ சனிக்கிழமன்னு தேதி, மண்டபத்துப் பேரு. கருமாதியக்கூட மண்டபத்துல வைக்கிறாகளேன்னு பேசிக்கிட்டோம். ஒனக்குப் போனைப் போட்டா எடுக்கல. விடியக்காலம் வண்டியில போன ஆளு, எங்கயோ அடிபட்டுக் கெடக்கன்னு..."

எல்லாரும் திரும்பி ரவியைப் பார்த்தார்கள். மாணிக்கம் முதல் தடவையாகத் தன் முதுகை ஊருக்குக் காட்டினார்.

"அது அஞ்சலி இல்லைங்க," என்றார் ரவி. "அது கலை. ஒரு மனுஷனோட ஆழத்தை..."

அதற்குள் பாலவனத்தத்திலிருந்து கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும். நிச்சயத்துக்குப் பட்டு எடுக்க அருப்புக்கோட்டைக்கு வந்தவர்கள், பேனரைப் பார்த்துவிட்டு மாலை வாங்கிக்கொண்டு ஓடிவந்திருந்தார்கள். உயிரோடு நிற்கிற சம்பந்தியைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அப்பா கட்டிப்பிடித்துக்கொண்டார். அம்மா பாண்டியம்மா அசையவில்லை. விவரத்தைக் கேட்டுவிட்டு ரவியிடம் வந்தார்.

"செத்தவுகளத்தான் எங்க பக்கம் இப்பிடிக் கறுப்பு வெள்ளையில ஒத்தையா மாட்டுவோம். ஒங்க வீட்டுல எப்பிடி?"

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்படி மாட்டியிருப்பது ஒரே ஒரு படம். சந்தன மாலை போட்ட என் மாமனார். ரவி தலையைக் குனிந்துகொண்டார்.

பாண்டியம்மா கந்தவேலு அண்ணனிடம் திரும்பினார். "உசுரோட இருக்கிற மனுசனுக்கு மாலை வந்துருச்சுண்ணே. அழுத பந்தல்ல பூ வைக்க எனக்கு மனசு வரல. நாளைக்கு வேணாம், தள்ளிப் போடுவோம்."

தள்ளிப் போடுவது என்றால் என்ன என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். முன்பு வந்த இரண்டு இடமும் அப்படித்தான் போயின. கந்தவேலு அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு என் புருஷன் மேல் வந்த கோபத்தை எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

செல்விதான் பேசினாள். ரவி முன்னால் வந்து நின்றாள்.

"எங்கப்பா சிரிச்சுக்கிட்டே இருக்கிற ஆளு சார். ஒங்க படத்துல ஏன் சிரிக்கல?"

"நான்தாம்மா சிரிக்க வேண்டாம்னு சொன்னேன்."

"ஏன்?"

அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிற புத்தகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

செல்வி பாண்டியம்மாவிடம் போனாள். "அத்தை, பட்டு எடுத்துட்டு அந்த வழியாத்தான ஊருக்குப் போவீக? அதே எடத்துல வேற படம் இருக்கும். எங்கப்பா சிரிச்சுக்கிட்டு நிப்பாரு. அதப் பாத்துட்டு, நாளைக்கு வாரதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க."

பாண்டியம்மா காரில் ஏறினார்.

அண்ணன் முகம் கழுவினார், மீசைக்கு அவசரமாக மை அடித்தார், மஞ்சள் சட்டையை மாற்றி இன்னும் மஞ்சளான ஒன்றைப் போட்டார். கூலிங்கிளாஸ் வேண்டும் என்றார், மாணிக்கம் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். ரவிக்குத் தன் கேமராவில் வண்ணம் எந்தப் பொத்தானில் இருக்கிறது என்றே தெரியவில்லை. பாஸ்கர்தான் தேடிக் கொடுத்தார். "ஆசானுக்குத் தெரியவேணாம் ரவி," என்று காதோடு காதாகச் சொன்னார்.

"சிரிங்கண்ணே," என்றார் ரவி.

அண்ணனால் முடியவில்லை. உதட்டை இழுத்துப் பார்த்தார், பல் தெரிந்தது, அவ்வளவுதான். கண் மகள் மேலேயே இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் சிரித்தவரைச் சிரிக்காதே என்று அடக்கிய ரவி, இப்போது சிரிங்க சிரிங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, மேல வரைக்கும் போயிட்டுத் திரும்பியிருக்கீங்களே, எமன்கிட்ட என்னதான் சொன்னீங்க?" என்றேன்.

அண்ணன் ஒரு நொடி யோசித்தார். "ஷேர் ஆட்டோன்னு சொல்லிட்டேன் தங்கச்சி. ஒத்த ஆளுக்கெல்லாம் எடுக்க முடியாது, வண்டி ரொம்பட்டும், செத்த இருங்கன்னுட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ராசாத்தி அக்கா அழுத கண்ணோடு சிரித்தார். செல்வி சிரித்தாள். ரவி எடுத்துவிட்டார்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அண்ணனைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. நேற்று நடந்த பேச்சு முழுவதையும் அப்போதுதான் சொன்னார். பிறகு உட்கார்ந்து ஆசை தீர வேலை பார்த்தார். ரோஜாப்பூ, மயில், இரண்டு பக்கமும் சிங்கம், நடுவில் கூலிங்கிளாஸ் போட்டுக் கும்பிடுகிற கந்தவேலு அண்ணன், தலைக்கு மேலே 'வருக வருக'.

"சிங்கம் வேண்டாமே," என்றார் ரவி மெதுவாக.

"நீங்க பேசாதீக சார்."

பொழுது சாய்கிற நேரத்தில் பழையது இறங்கிப் புதியது ஏறியது. அண்ணன் அதற்குக் கீழேயே அதே மாதிரிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் வந்து அவரைத் தொட்டுப் பார்த்தார்கள். கண்டக்டர் ஒருவர் விசில் அடித்தார். பாலவனத்தத்துக் கார் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா இறங்கிப் படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாக. ஊரே அழுது முடிச்சிருச்சு, இனி இவருக்கு என்ன கொறை?" என்று மனைவியிடம் சொன்னார். பாண்டியம்மா படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். வெகுநேரம்.

"மீசையில எடதுபக்கம் மை சரியாப் பிடிக்கலண்ணே," என்றார் கடைசியில். "நாளைக்காச்சும் ஒழுங்கா அடிச்சுட்டு நில்லுங்க."

அண்ணன் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

வெள்ளிக்கிழமை உறுதி நடந்தது. ரவிதான் படம் எடுத்தார், எல்லாம் கலரில். சிரிங்க சிரிங்க என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. மேல்சட்டைப் பையில் இருந்த இருமல் மிட்டாய் முதல் தடவையாக அவருக்கே உதவியது. சாம்பாரில் கத்திரிக்காய் குழைந்திருந்தது, பாயசம் பிரமாதம்.

சனிக்கிழமை ஆசான் வந்தார். தாடியைத் தவிர எங்கள் வீட்டுப் புத்தகத்தில் இருக்கிற ஆசானுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. வந்ததும் சர்க்கரை போடாத டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பிறகு பாத்ரூம் எங்கே என்று கேட்டார். கந்தவேலு அண்ணன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டிருந்தோம். மற்ற கறுப்பு வெள்ளை முகங்கள் மண்டபத்தின் நான்கு சுவரிலும் வரிசையாக இருந்தன. அவற்றின் முன்னால் ஆசான் குத்துவிளக்கு ஏற்றினார். பார்க்க வந்த ஊர்க்காரர்கள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள், ஒவ்வொரு படத்துக்கும் கும்பிட்டார்கள். ஒரு பெரியவர் என்னிடம் தணிந்த குரலில், "எல்லாரும் ஒரே வண்டியிலயா போனாக?" என்று கேட்டார். ஓர் அம்மா தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் கொஞ்சம் கிள்ளிப் பாஸ்கருடைய படத்துக்கு வைத்துவிட்டுப் போனார். அது குட்டையில் தலைகீழாகத் தெரிந்த ஆள். பாஸ்கர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

டீ வந்து ஆசான் நிதானமானபோது நான் செல்வியின் கேள்வியைக் கேட்டுவிட்டேன். "சார், உங்க படத்துல ஏன் யாருமே சிரிக்கறதில்லை?"

ஆசான் டம்ளரைக் கீழே வைத்தார். "அதுவாம்மா? ஆரம்பத்துல என்கிட்ட இருந்தது ஒரு ஓட்டைக் கேமரா. ஆள் சிரிச்சா உடம்பு குலுங்கும், படம் கலங்கிடும். ஃபிலிம் வீணாப் போகுமேன்னு, சிரிக்காம ஆடாம இருங்கன்னு சொல்லுவேன். அப்புறம் நல்ல கேமரா வந்துச்சு, ஆனா எல்லாரும் அதைத்தான் பெரிசா எழுதிட்டாங்க. சரின்னு விட்டுட்டேன்." டீயில் ஒரு வாய் குடித்தார். "இங்க காராச்சேவு நல்லா இருக்கும்னாங்களே?"

ரவி என் பக்கத்தில்தான் நின்றார். தாடிக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டே இருந்தார். பாஸ்கர் சொன்னார், "பார்த்தியா, எவ்வளவு எளிமை! இதுதான் ஆசான்." மாணிக்கம் ஆமாம் என்றார். இனி ஒரு ஓட்டைக் கேமரா தேடி வாங்கப்போவதாகவும் சொன்னார்.

கிளம்புகிற அன்று விடைபெறக் கந்தவேலு அண்ணன் வீட்டுக்குப் போனோம். கண்ணாடிச் சட்டம் போட்ட அண்ணனுடைய அந்தப் பெரிய கறுப்பு வெள்ளைப் படம் செய்தித்தாளில் சுற்றியபடி நாங்கள் அமர்த்தியிருந்த வாடகைக் காரில் இருந்தது. அண்ணன் அதைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தார். இவ்வளவு நடந்தும் அவர் அதை அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்க்கிறார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கீக சார்," என்றார். "இத வச்சுட்டுப் போங்க. என்னைக்கு இருந்தாலும் வேணும்ல. அன்னைக்கிப் போயி மூஞ்சி கழுவிட்டு வாரேன்னு சொல்ல முடியுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். செல்வி அடுப்படியிலிருந்து வந்து படத்தை அவர் கையிலிருந்து பிடுங்கித் திரும்ப என் மடியில் வைத்தாள். "இத நீங்களே கொண்டு போயிருங்கக்கா. இந்த வீட்டுல இது இருக்க வேணாம்."

படம் இப்போது மஸ்கட்டில் இருக்கிறது. கூடத்தில் மாட்ட வேண்டும் என்றார் ரவி. மாலை போட்ட மாமனாருக்குப் பக்கத்தில் கந்தவேலு அண்ணனை மாட்ட நான் விடவில்லை. என் பட்டுச்சேலைகளுக்கு அடியில், முகம் கீழே பார்த்தபடி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அண்ணன் என் போனுக்கு ஒரு படம் அனுப்புகிறார். ரோஜாப்பூ, உதிக்கிற சூரியன், இரண்டு கிளி, கண்ணைக் குத்துகிற வண்ணத்தில் காலை வணக்கம். முன்பெல்லாம் இந்த மாதிரிப் படங்களைத் திறக்காமலே அழித்துவிடுவேன். இப்போது அது வந்த பிறகுதான் எனக்கு டீ உள்ளே இறங்குகிறது.